தந்தையின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் விடுபட்டுள்ளது: ரெக்கார்ட்ஸில் திருத்தம் பெறுவது எப்படி?

தக்கலை_மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1968-இல் தரைப்படையின் காலாட்படைப் பிரிவு ஒன்றில் சேர்ந்து, 1983-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1971 போரின்போது கிழக்கு முனையில் இருந்தார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (ஓய்வின்போது தரப்படும் பணி விவரப் புத்தகம்) பதக்கங்களுக்கான பத்தியில் சங்கிராம் மெடல், சுதந்திர இருபத்தைந்தாம் ஆண்டு மெடல், ஒன்பது ஆண்டு நீண்ட பணி மெடல் ஆகிய மூன்று மட்டுமே எழுதப்பட்டுள்ளன. கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு உரிய பூர்வி ஸ்டார் அதில் இல்லை. பதக்கமும் கைக்கு வரவில்லை. அவரோடு ஒரே நாளில் ஆள்சேர்ப்பில் தேறிய மேல்புறத்து நண்பர் ஒருவருக்கு அது முறையாகக் கிடைத்திருக்கிறது.

அப்பா சொல்வது இதுதான்: போருக்குச் சற்று முன்பு அவருடைய பட்டாலியனிலிருந்து சிலரை வேறொரு பட்டாலியனுக்கு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாக, அனுப்பினார்கள். போர் முடிந்து சில வாரங்கள் கழித்தே தாய்ப் பட்டாலியனுக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில்தான் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும் என்று அவர் கருதுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மாவின் பெயர் ஓய்வூதிய ஆணையில் வீட்டில் அழைக்கும் பெயராகவும், ஆதாரில் ஞானஸ்நானப் பெயராகவும் இருக்கிறது. அப்பாவின் பெயரிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து வேறுபடுகிறது. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "இத்தனை ஆண்டுகளாக என்ன செய்து கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம்_ஹவில்தார்:

தம்பி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதில் பயனில்லை. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டுவிடுங்கள். பதக்கத்திற்கு நேராக ஆயுதப்படைத் தீர்ப்பாயம் போய்விடுவதே நல்லது. கேட்டுக் கேட்டு வாங்குகிற காலம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் தீர்ப்பாயம் போய்த்தான் ஓய்வூதியத் திருத்தமே பெற்றார்கள்.

பழைய_எழுத்தர்:

மார்த்தாண்டத்து நண்பரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன வரிசை தலைகீழானது. நான் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன். அந்த மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம் மூல ஆவணம் அன்று. ஒரு படைவீரருடைய மாற்றல், விடுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, பதக்கத் தகுதி என ஒவ்வொரு நிகழ்வையும் அவருடைய யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். அந்த ஆர்டரைப் பார்த்து, ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப் பதிவில் அது ஏறும். அவர் ஓய்வு பெறும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புத்தகம் எழுதப்படும். ஆகவே புத்தகத்தில் ஒன்று இல்லையென்றால், அது எந்தப் படியில் விழுந்தது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பார்ட் டூ ஆர்டரில் இருந்து, ஷீட் ரோலிலும் இருந்து, புத்தகம் எழுதிய கை மட்டும் விட்டிருந்தால், அது வெறும் எழுத்துப் பிழை. கடிதம் ஒன்றிலேயே சரியாகிவிடும். பார்ட் டூ ஆர்டரே வெளியாகவில்லை என்றால் வேலை பெரிது. இரண்டுக்கும் ஒரே மனுவைப் போட்டு, ஒரே பதிலை எதிர்பார்த்து, "ரெக்கார்ட்ஸில் கேட்டேன், கிடைக்கவில்லை" என்று சொல்பவர்களே அதிகம்.

பூர்வி ஸ்டார் விடுபடுவதற்கு உங்கள் தந்தையார் சொல்லும் காரணம் மிகவும் பொருந்துகிறது. போர் முடிந்ததும் ஒவ்வொரு யூனிட்டும் தகுதியுள்ளோரின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தது. அட்டாச்மென்டில் வந்தவரைத் தாய்ப் பட்டாலியன் சேர்த்துக் கொள்ளும் என்று அவர் இருந்த பட்டாலியன் நினைத்திருக்கலாம். அங்கே இருந்தவரை அவர்களே சேர்ப்பார்கள் என்று தாய்ப் பட்டாலியன் நினைத்திருக்கலாம். அந்நாளில் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும், விடுப்பில் இருந்தவர்களுக்கும், போர் முடிந்த கையோடு மாற்றலாகிப் போனவர்களுக்கும் இப்படித்தான் பெயர் விட்டுப் போனது. சங்கிராம் மெடல் கிடைத்தது என்பதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். அந்தப் பதக்கத்தின் வரம்பு அகலமானது; மேற்கிலும் கிழக்கிலும் பல மாநிலங்களில் பணியில் இருந்தோருக்கும் அது கிடைத்தது. பூர்வி ஸ்டாருக்கு, கிழக்கு முனையின் போர்ப்பகுதிக்குள் அவர் இருந்தார் என்பதைக் காட்ட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அப்பாவின் கையெழுத்தோடு, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதில் புகார் எழுத வேண்டாம், கோரிக்கையும் எழுத வேண்டாம். அவருடைய ஷீட் ரோலின் நகலும், 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் அவரைக் குறித்து வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகலும் மட்டும் கேளுங்கள். தம்முடைய ஆவணத்தைத் தாமே கேட்பதால் மூன்றாம் நபர் என்ற தடையும் எழாது. மதராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட்ஸ் வெலிங்டனில், எம்.இ.ஜி. (மதராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரில், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூரில், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வெலிங்டனுக்கே எழுதுகிறார்கள்; கடிதங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

படைவீரர் எண்ணை எழுதும்போது கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாமல் எழுதுங்கள். நாயிப் சுபேதாராக உயர்ந்தவர்களுக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது எண் கிடைத்திருக்கும். அவர்கள் பழைய எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும், ஏனெனில் 1971-இன் பதிவுகள் பழைய எண்ணில்தான் இருக்கும்.

இன்னொன்று. பதக்கத்தைவிட அவசரமானது உங்கள் தாயாரின் பெயர். அதை இப்போதே, தந்தையார் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள். கணவர் காலமான பிறகு, ஆணையில் உள்ள பெண்ணும் ஆதாரில் உள்ள பெண்ணும் ஒருவரே என்று ஒரு மூதாட்டி நிரூபிக்க அலைவதை நான் மேசைக்கு இப்பால் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். தந்தையாரின் பிரமாணப் பத்திரம், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், ஆதார், கூட்டு வங்கிக் கணக்குப் புத்தகம், திருமணம் நடந்த ஆலயத்தின் திருமணப் பதிவேட்டு நகல் ஆகியவற்றோடு, நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புங்கள். அவர்கள் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதி, திருத்த ஆணை வரச் செய்வார்கள். வீட்டுப்பெயர், ஞானஸ்நானப் பெயர் என்ற வேறுபாட்டுக்கு அரசிதழ் வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். ரெக்கார்ட்ஸ் எழுத்தில் கேட்டால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

தக்கலை_மகன்:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன பிறகு அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். 1971 டிசம்பரில் அம்மாவுக்கு (அப்போது மணமாகியிருக்கவில்லை, அவர் அப்பாவின் அத்தை மகள்) எழுதிய இன்லேண்ட் கடிதம் ஒன்று கிடைத்தது. அனுப்புநர் முகவரியில் அட்டாச்மென்டில் இருந்த பட்டாலியனின் பெயரும், 99 ஏ.பி.ஓ. என்பதும் அப்பாவின் கையெழுத்திலேயே தெளிவாக இருக்கின்றன. மேலே வட்ட முத்திரையில் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை, ஓர் எண்ணும் தேதியும் மட்டும் இருக்கின்றன. பாட்டிக்கு அனுப்பிய மணியார்டர்களின் கூப்பன்களும் நூலில் கோத்தபடி இருக்கின்றன. ஒன்றில் "இங்கே குளிர், நலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இவை ஆதாரமாகுமா?

பழைய_எழுத்தர்:

ஆகும், ஆனால் தனியாக நிற்காது. அந்த வட்ட முத்திரை களத் தபால் நிலையத்தின் முத்திரை. இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே எண் மட்டும் வைத்தார்கள். 99 ஏ.பி.ஓ. கிழக்குப் பகுதிக்கான முகவரி. ஆனால் அது போர்ப்பகுதிக்கு வெளியே இருந்த கிழக்குப் பகுதி யூனிட்டுகளுக்கும் பொதுவானது. கடிதத்தின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: அந்தத் தேதியில் அவர் எந்தப் பட்டாலியனில் இருந்தார் என்பதை அது சொல்கிறது. அந்தப் பட்டாலியன் பூர்வி ஸ்டார் பெற்ற யூனிட் என்பது ரெக்கார்ட்ஸுக்குத் தெரியும். அட்டாச்மென்டுக்குப் போன தேதியும் திரும்பிய தேதியும் பார்ட் டூ ஆர்டரில் கிடைத்துவிட்டால், கடிதமும் ஆர்டரும் ஒன்றையொன்று தாங்கும். மூலக் கடிதத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரு பக்கமும் நகலெடுத்து, சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் சொல்லுங்கள். புத்தகத்திலேயே திருத்தம் எழுதி முத்திரை வைக்க வேண்டியிருக்கும்போது அது பெரிய தொல்லை. பேனாவால் யாராவது எதையாவது சேர்த்திருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

குழித்துறை_மகள்:

என் கேள்வியையும் இந்த இழையிலேயே வைக்கிறேன். தனி இழை தேவையில்லை என்று நினைக்கிறேன். என் தந்தை 1987 அக்டோபரில் இலங்கையில், யாழ்ப்பாணத்தருகே கண்ணிவெடியில் காயம்பட்டவர். இடது காலில் இன்னும் சில்லுகள் இருப்பதை எக்ஸ்ரேயில் காணலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இலங்கைக்கான ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் இருக்கிறது. ஆனால் காயப் பதக்கம் இல்லை. மருத்துவப் பகுதியில் காயம் என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அது போரில் பட்ட காயம் என்று எங்கும் இல்லை. 1990-களின் கடைசியில் ஓய்வு பெற்றபோது அவர் எதையும் கேட்கவில்லை. கேட்கிற குணமும் அவருக்கு இல்லை.

பழைய_எழுத்தர்:

சகோதரி, உங்கள் தந்தையாரின் வழக்கு தக்கலைத் தம்பியின் வழக்கைவிடக் கனமானது, ஏனெனில் இதில் பதக்கத்தோடு ஓய்வூதியமும் இணைந்திருக்கிறது. படைவீரருக்கு நேரும் காயத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். எதிரியின் செயலால் நேர்ந்தது பேட்டில் கேஷுவல்ட்டி. மற்றவை, வண்டி கவிழ்ந்தது, வழுக்கி விழுந்தது போன்றவை, பிசிக்கல் கேஷுவல்ட்டி. காயப் பதக்கம் 1973-இல் நிறுவப்பட்டது. எதிரியின் நேரடிச் செயலால் காயம்பட்டோருக்கே அது உரியது. கண்ணிவெடி அந்த வரையறைக்குள் வரும். ஆனால் களத்திலிருந்து போன அறிக்கையில் எந்தச் சொல் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே பின்னர் எல்லாம் நடந்திருக்கும்.

ரெக்கார்ட்ஸில் கேஷுவல்ட்டி அறிக்கையின் நகல், காயம் குறித்த பார்ட் டூ ஆர்டர், காய அறிக்கைப் படிவம், விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அவரை முதலில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள் என்பதை அவரிடமே கேட்டு, ஊரும் மாதமும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேட்டில் காயத்தின் காரணம் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். பல வழக்குகளைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

நாஞ்சில்_வழக்குரைஞர்:

தீர்ப்பாயம் குறித்து மேலே ஒரு கருத்து வந்ததால் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டு, 2009 முதல் இயங்குகிறது. நம்மில் பலருக்கு கொச்சி அமர்வு பக்கம் என்று தோன்றும். ஆனால் ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்கு உரிய அமர்வில் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டுக்கு உரியது சென்னை அமர்வு. அதற்கு முன் துறைக்குள்ளே கிடைக்கும் வழிகளை முயன்றிருக்க வேண்டும். நிராகரிப்பு ஆணை வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். மனுக் கொடுத்து ஆறு மாதம் வரை எந்த முடிவும் வரவில்லை என்றாலும் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆகவே ரெக்கார்ட்ஸுக்கு மனுவே போடாமல் நேராகச் செல்வது, போனவரைத் திருப்பி அனுப்புவதில்தான் முடியும்.

குழித்துறைச் சகோதரிக்கு ஒன்று. போர்க்காய ஓய்வூதியம் போன்ற மாதாந்தர உரிமைகளில் தாமதம் ஒன்றே உரிமையை முற்றிலும் அழித்துவிடாது. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னபடி, நிலுவைத் தொகை பொதுவாக மனுச் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும். அதாவது, நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவையை இழக்கிறீர்கள். பதக்கத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ஆவணமே பேச வேண்டும்.

மார்த்தாண்டம்_ஹவில்தார்:

நான் சொன்ன இரண்டு பேரும் மனுப் போட்டு, பதில் வராமல், அதன்பிறகுதான் போனார்கள் என்று இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வழக்குரைஞர் சொன்ன வரிசை சரியே. ஆனால் அரசிதழ் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. வங்கியிலும், ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஓய்வூதிய முறையிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

பழைய_எழுத்தர்:

நிற்கும் என்பது உண்மை. அதனால்தான் எந்த ஆவணத்தை எதற்கு ஏற்பத் திருத்துவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். ஓர் எழுத்து வேறுபாட்டுக்கு ஆதாரை ராணுவ ஆவணத்துக்கு ஏற்பத் திருத்துவது பெரும்பாலும் எளிது. ராணுவ ஆவணத்தை ஆதாருக்கு ஏற்பத் திருத்தப் போனால், ஷீட் ரோல், ஓய்வூதிய ஆணை, ஸ்பர்ஷ், மருத்துவத் திட்ட அட்டை என்று எல்லாவற்றையும் இழுத்துக் கொண்டு போக வேண்டும். சொந்தப் பெயருக்கு ஆதாரைத் திருத்துங்கள். மனைவியின் பெயர் முற்றிலும் வேறாக இருந்தால் ராணுவ ஆவணத்தைத் திருத்துங்கள்.

அருமனை_வாசகர்:

யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. எழுபத்தைந்து வயதில் ஒரு ஸ்டாருக்காக இவ்வளவு அலைச்சல் தேவையா? பதக்க ரிப்பன்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கிக் குத்திக் கொள்பவர்களையும் பார்த்திருக்கிறோம். தாயாரின் பெயரைத் திருத்துவதோடு நிறுத்திக் கொள்ளலாமே.

தக்கலை_மகன்:

அண்ணாச்சி, அப்பாவும் முதலில் அதையேதான் சொன்னார். ஆனால் கடையில் வாங்கிக் கொடுத்தால் அதைத் தொடக்கூட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று பதக்கங்களின் விளிம்பிலும் அவருடைய எண், பதவி, பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நான்காவதில் அது இருந்தால்தான் அவருக்கு அது பதக்கம்.

கொல்லங்கோடு_பேரன்:

என் தாத்தா திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் சேர்ந்து, அப்படை இந்தியத் தரைப்படையோடு இணைக்கப்பட்டபோது மதராஸ் ரெஜிமென்டுக்கு வந்தவர். ஓய்வூதியத் தகுதிக்கு முன்பே வெளியேறிவிட்டார். அவருடைய பணி விவரத்தைக் கேட்டபோது, ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. இதற்கு மேல் வழி உண்டா?

பழைய_எழுத்தர்:

ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அழிப்பது தரைப்படை விதிமுறைப்படி நடப்பதே. உங்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதியாக நினைக்க வேண்டாம். ஆனால் லாங் ரோல் என்ற பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் எண், பெயர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள், காரணம் ஆகியவை ஒரு வரியாக இருக்கும். "ஷீட் ரோல் தருக" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "லாங் ரோல் பதிவின் சாரத்தைத் தருக" என்று கேளுங்கள். திருவிதாங்கூர் நாயர் காலாட்படையே 9 மதராஸ் ஆயிற்று. 1965-இல் சியால்கோட் பகுதியில் மஹாராஜ்கே போரில் நின்ற பட்டாலியன் அதுதான். சமஸ்தானத்தின் இரண்டாம் பட்டாலியன் 16 மதராஸ் ஆயிற்று. தாத்தா எதில் இருந்தார் என்பதை எழுதினால் தேடுபவருக்கு உதவியாக இருக்கும்.

முகவரியிலும் கவனம் வேண்டும். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முன் சேர்ந்தவரின் பதிவில் திருவிதாங்கூர் சமஸ்தானம் என்றோ, 1949-க்குப் பிறகு சேர்ந்திருந்தால் திருவனந்தபுரம் மாவட்டம், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்றோதான் இருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்ட முகவரியை மட்டும் எழுதி அனுப்பினால், பெயரும் ஊரும் பொருந்தவில்லை என்று சொல்ல வாய்ப்புண்டு. இரண்டையும் எழுதுங்கள்.

வடசேரி_ஆசிரியர்:

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஆசிரியப் பணியில் பழைய பள்ளிச் சான்றிதழ்களை நிறையக் கையாண்டவன் என்பதால் எழுதுகிறேன். அந்நாளில் நம் பகுதியில் ஜாதகத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் பிறந்த நாள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டது. அதை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1121 தை மாதம் என்றால் 1946. ஆனால் 1121 ஐப்பசி என்றால் 1945. எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டியதால் ஓர் ஆண்டு மூத்தவராகவோ இளையவராகவோ ஆனவர்கள் நம் மாவட்டத்தில் பலர். ராணுவப் பதிவுக்கும் ஆதாருக்கும் சரியாக ஓர் ஆண்டு வேறுபட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

பழைய_எழுத்தர்:

ஆசிரியர் ஐயா சொன்னது பொன்னான குறிப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை: படைவீரரின் சொந்தப் பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றக் கேட்பது ஏறக்குறைய நடக்காத காரியம், ஏனெனில் பணிக்காலமும் ஓய்வு நாளும் அதைச் சார்ந்தவை. அங்கும் ஆதாரைத் திருத்துவதே வழி. மனைவி, மக்களின் பிறந்த தேதி வேறு. அதற்கு ஆவணம் காட்டினால் திருத்துவார்கள்.

தக்கலை_மகன்:

தகவல் உரிமை விண்ணப்பத்திற்குப் பதில் வந்துவிட்டது. ஷீட் ரோலின் நகலில் அட்டாச்மென்டுக்குப் போன பதிவு 1971 நவம்பர் தேதியோடு இருக்கிறது. திரும்பிய பதிவும் இருக்கிறது. பூர்வி ஸ்டார் குறித்து எந்தப் பதிவும் இல்லை. அம்மாவின் பெயர்த் திருத்தத்துக்கான தாள்களை நாகர்கோவில் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டோம். பதக்கத்துக்கான மனுவை இவ்வாறு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மாற்றுவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்:

"மேற்கண்ட எண்ணுடைய நான், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்துப் போராடியும் எனக்குரிய பதக்கம் மறுக்கப்பட்டது. 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றிய எனக்குப் பூர்வி ஸ்டார் உடனடியாக வழங்க வேண்டும்."

பழைய_எழுத்தர்:

முதல் வாக்கியத்தை முழுவதும் நீக்குங்கள். யாரும் மறுக்கவில்லை, பெயர் பட்டியலில் ஏறவில்லை. மறுத்ததாக எழுதினால், மறுத்த ஆணை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது வாக்கியம் ரெக்கார்ட்ஸை நேராக முடிவெடுக்கச் சொல்கிறது. அவர்கள் முடிவெடுக்க வேண்டியது ஓர் ஆவணத்தின் மேல். அந்த ஆவணத்தை அவர்கள் கையில் வையுங்கள். இப்படி எழுதலாம்:

"இணைப்பில் உள்ள எனது ஷீட் ரோலின்படி, நான் 1971 நவம்பர் முதல் குறிப்பிட்ட தேதி வரை மேற்படி பட்டாலியனில் அட்டாச்மென்டில் இருந்தேன். அக்காலத்தில் அப்பட்டாலியனில் இருந்தோருக்குப் பூர்வி ஸ்டார் தகுதி குறித்து வெளியான பார்ட் டூ ஆர்டரையும் பெயர்ப்பட்டியலையும் சரிபார்த்து, என் பெயர் விடுபட்டிருப்பின் தகுதியைப் பதிவு செய்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்த்து, பதக்கம் இதுவரை வழங்கப்படாததால் முதல் வழங்கலாக வழங்குமாறு வேண்டுகிறேன். தகுதி இல்லை என முடிவு செய்யப்படின், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்."

முதல் வழங்கல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தொலைந்த பதக்கத்துக்கு மாற்றுக் கேட்பது தனி நடைமுறை. அந்தக் கட்டுக்குள் உங்கள் மனு போய்விட்டால் காவல் நிலையச் சான்று எங்கே என்று கேட்பார்கள். கடைசி வாக்கியம், வழக்குரைஞர் நண்பர் சொன்ன ஆறு மாதக் கணக்குக்காக.

நாஞ்சில்_வழக்குரைஞர்:

அதோடு, ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாகர்கோவில் அலுவலகத்துக்கு நகல் கொடுத்து, அதிலும் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். ஆறு மாதத்தை அந்த ஒப்புகைத் தேதியிலிருந்து எண்ணலாம்.

குழித்துறை_மகள்:

அப்பாவிடம் கேட்டேன். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கொண்டு வந்ததாகவும், அங்கே ராணுவ மருத்துவமனையில் இருந்ததாகவும் சொல்கிறார். மாதம் அக்டோபர், தீபாவளிக்கு முன்பா பின்பா என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. இவ்வளவு போதுமா ஐயா?

பழைய_எழுத்தர்:

மருத்துவமனையும் மாதமும் போதும், சகோதரி. பதிவேட்டை அவர்கள் தேதி வரிசையில்தான் புரட்டுவார்கள். ஒரு மாதத்தின் பக்கங்களைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. விண்ணப்பத்தில் அவருடைய அப்போதைய பதவியை எழுதுங்கள், ஓய்வு பெற்ற பதவியை அன்று. 1987-இன் பதிவேட்டில் அவர் நாயக்காக இருந்தால் நாயக் என்றுதான் எழுதியிருப்பார்கள்.